யார் முதலில் கைதட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரத்தில் ஒரு பெரியவரைப் பார்த்து ஒரு ஹாலே சேர்ந்து ‘ஷ்ஷ்...’ என்றது. அந்தப் பெரியவரை அங்கே அழைத்துக்கொண்டு போனவள் நான்தான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொன்னால் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் அவசர புத்தி தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் வாய்ஸ் மெசேஜை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பவள் நான். டி.வி. சீரியலில் மாமியார் அழ ஆரம்பித்தால் எழுந்துபோய் மாவைக் கரைத்துவிட்டு வருவேன். வந்து பார்த்தால் அந்த அம்மாள் இன்னும் அழுதுகொண்டிருப்பார். இப்படிப்பட்டவளைப் போய் ஒரு பியானோ கச்சேரிக்குக் கூப்பிட்டால்? அதுவும் அதே சில சுரங்களைத் திரும்பத் திரும்பத் திரும்ப வாசிக்கிற கச்சேரிக்கு?

கூப்பிட்டது கவிதா. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டுக்காரி. முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை, தனியாக இருக்கிறாள். ‘தனியாக’ என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். கூடவே ஒரு பியானோ இருக்கிறது. அது வந்த அன்று லிஃப்டில் நுழையாமல், படிக்கட்டில் ஆட்கள் தூக்கி ஏற்றி, எங்கள் வாசல் சுவரில் ஒரு கீறல் விழுந்து... அந்தக் கீறலைச் சாக்கிட்டு மன்னிப்புக் கேட்க வந்தவள்தான், அன்றிலிருந்து எனக்குச் சிநேகிதி.

பியானோவுக்கும் அவள் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செய்யூர் பக்கத்துக் கிராமம். அப்பா ஏகாம்பரத்துக்கு நெல், வேர்க்கடலை, கொஞ்சம் சவுக்கு. அது போக வாடகைக்கு ஓடுகிற லோடு வண்டிகள். மகளைச் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தின் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்ததாம். பாட்டு டீச்சர் தொட்டுப் பார்க்க விட்டாராம். அதோடு போச்சு. மற்ற பிள்ளைகள் வாரக் கடைசிக்காகக் காத்திருந்தபோது, இவள் ‘வீட்டுக்கு வரலை, படிக்கணும்’ என்று சொல்லிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு இன்ஜினியரிங். பிறகு ஐ.டி. வேலை. ‘என் பொண்ணு பெரிய கம்பெனியில இருக்குது’ என்று ஏகாம்பரம் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனவள், வேலையை விட்டுவிட்டேன், இனி மியூசிக்தான் என்றாள். பொங்கலும் அதுவுமாய்! நல்ல நேரம் பார்த்துச் சொன்னாய் போ என்று நானே திட்டினேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். “பொட்டி தட்றதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?”

அதற்குப் பிறகு பேசவில்லை. போன் போட்டால் அம்மா எடுப்பார். அப்பா எப்படி இருக்கிறார் என்று இவள் கேட்பாள். பக்கத்தில்தான் இருக்கிறார், நீயே கேளேன் என்பார் அம்மா. இந்தப் பக்கம் இவள் காத்திருப்பாள். அந்தப் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்கும். எழுந்து வெளியே போய்விடுவார்.

இதையெல்லாம் என் சமையலறையில் நின்றபடிதான் சொல்வாள், கேரட்டைக் கடித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டேகூடச் சொல்வாள். கேட்கும் எனக்குத்தான் சிரிப்பு வராது.

அவள் வாசிப்பது எல்லாம் என் தலைக்கு மேல்தான் விழும். டிங்... டிங்... டிங்டிங். மறுபடியும் டிங்... டிங்... டிங்டிங். குக்கர் விசில் வருவதற்குள் அதே நாலு சத்தம் நூறு தடவை வந்திருக்கும். எங்கள் அசோசியேஷன் மீட்டிங்கில் ஒருவர், அந்தப் பொண்ணுக்கு அடுத்த பாடத்தை யாராவது சொல்லிக்கொடுங்களேன் என்று வேண்டுகோள் வைத்தார். நானும் ஒரு நாள் கேட்டேவிட்டேன்: இது என்ன சங்கீதம்?

மினிமலிசம் என்றாள். கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, அதையே உற்றுக் கேட்பது என்றாள். பிரிட்ஜில் ஒரே ஒரு கத்தரிக்காய் இருக்கும் நாளில் நானும் அதைத்தான் செய்கிறேன் என்றேன். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இதைவிட நல்ல விளக்கத்தை நெட்டில்கூடப் பார்க்கவில்லையாம்.

சில நாட்கள் வாசித்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் சத்தம் நின்றுவிடும். நின்றால் நெடுநேரம் நிற்கும். அடுப்பில் பால் வைத்திருப்பாள், பொங்கியிருக்கும், அணைக்க ஓடியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை கீழே இருந்து ‘பாலைப் பாரு’ என்று குரல்கூடக் கொடுத்திருக்கிறேன்.

சரி, கச்சேரிக்கு வருவோம். மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி ஒரு ரிசார்ட். இப்படிப்பட்ட இசையை ரசிக்கும் இளைஞர் வட்டம் ஒன்று அங்கே ஹாலைப் பிடித்து, சென்னையிலிருந்து பெரிய பியானோவை வண்டியில் ஏற்றி வந்து, கவிதாவைத் தனியாக ஒரு சாயங்காலம் வாசிக்கக் கூப்பிட்டிருந்தது. அவளுக்கு இதுதான் முதல் மேடை. ரெண்டு நாள் முன்னால் என் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை. அப்பா வருகிறாராம்.

நல்லதுதானே என்றேன்.

அம்மா வற்புறுத்தியிருக்கிறார். பெண் முதல்முதலாக ஒரு சபையில் வாசிக்கிறாள், போய்த் தலையையாவது காட்டிவிட்டு வா என்று. இவரும் சரி என்றிருக்கிறார். கவிதா காலையிலேயே ஒத்திகைக்குப் போய்விடுவாள். பஸ்ஸில் வந்து இறங்குபவரை நான் அழைத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ள வேண்டும்.

“பாதியில எழுந்து போயிடுவாரு ஆன்ட்டி. அதான் பயமா இருக்கு. அவருக்குப் புடிக்கணும்னுகூட இல்ல. கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா போதும். உக்காந்திருந்தாருன்னா... திரும்பப் பேசிடுவாருன்னு தோணுது.”

கேரட் எதுவும் கடிக்கவில்லை அன்றைக்கு.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். மழை வரும் போல ஒரு மூட்டம், ஆனால் வரவில்லை. மாமல்லபுரத்தில் ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அவர் நின்றுகொண்டிருந்தார். போட்டோவில் பார்த்த அதே முகம். எதிர்ப் பக்கத்துச் சிற்பக் கூடத்தில் யாரோ ஒருவர் ஞாயிறு என்றும் பார்க்காமல் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார். டக், டக், டக். ஏகாம்பரத்தின் கையில் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்.

காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, ஃபங்க்ஷனுக்குத் தலைமை யார்? தலைமை எல்லாம் இல்லை என்றேன். சரி, வாழ்த்துரை? அதுவும் கிடையாது. மைக்? பியானோவுக்கு மைக்கும் தேவையில்லையாம். தலைவர் இல்லை, பேச்சு இல்லை, மைக் இல்லை... அவர் மகளை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

கவரைப் பிரித்துக் காட்டினார். பொன்னாடை. மதுராந்தகத்தில் தேடிப் பிடித்து வாங்கியதாம், நல்ல ஜரிகை போட்டது. எனக்கு ஆச்சரியம். பொங்கலிலிருந்து பேசாத மகளுக்குப் பொன்னாடையா? என் கண்ணில் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டார் போல. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனுக்கும் அதுக்கும் ஆயிரம் இருக்கும்மா. அது வூட்டோட. நாலு பேரு கூடிகிற எடத்துல புள்ளைய வுட்டுக்குடுக்க முடியுமா?”

எப்போது போர்த்த வேண்டும் என்று கேட்டார். எல்லாம் முடிந்ததும் என்றேன். முடிந்தது என்று எப்படித் தெரியும்? அது ஒரு பிரச்சினையா? முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், அப்போது போய்ப் போர்த்திவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். எனக்கும் ஒரு பெரிய வேலையை முடித்த திருப்தி.

அது ஹால் என்று பெயர்தான். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கத்தில் கடல். மேடை கிடையாது. தரையிலேயே பியானோ, மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் கம்பிகள் எல்லாம் தெரிந்தன. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், ஐ.டி. ஆட்கள், ரிசார்ட்டில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள், தாடி வைத்த சிலர். ஏகாம்பரம் நடைபாதை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கவரை மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில்.

வட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் வந்து இங்கிலீஷில் ஏதோ நீளமாக அறிவித்தாள். போனை அணைத்துவிடுங்கள். இந்த இசையில் மௌனமும் ஒரு பகுதி. கவிதா இரண்டு கைகளையும் மடியில் வைத்த பிறகுதான் முடிந்ததாக அர்த்தம், அதுவரை தயவுசெய்து கைதட்ட வேண்டாம். ஏகாம்பரம் என் பக்கம் சாய்ந்து, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

“போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க அண்ணா” என்றேன்.

இரட்டை வேகக்காரி வேறு எப்படி மொழிபெயர்ப்பாள்?

கவிதா வந்தாள். சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை, வெறுங்கால். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தவளின் பார்வை எங்கள் வரிசைக்கு வந்ததும் நின்றது. அப்பா சட்டென்று குனிந்து வேட்டி ஓரத்தைச் சரிசெய்தார். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. அவள் போய் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு. எனக்குத் தெரிந்ததுதான், என் தலைமேல் பல மாதங்களாக விழுந்துகொண்டிருந்த அதே டிங்... டிங்... டிங்டிங். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம்? மனசு திங்கட்கிழமைச் சமையலுக்குப் போனது. கேஸ் புக் பண்ண வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். திரும்பி வந்தால் அதே சத்தம். இல்லை... அதே சத்தம் இல்லை. எங்கோ ஒரு சுரம் இடம் மாறியிருக்கிறது. எப்போது மாறியது? கொஞ்சம் கூர்ந்து கேட்டேன். இன்னொன்று மாறியது. மாறியபோது நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், ஆனாலும் பிடிபடவில்லை. குழந்தைகள் நம் கண்ணெதிரேதான் வளர்கின்றன, எந்த நாளில் வளர்ந்தன என்று சொல்ல முடிகிறதா?

அதற்குப் பிறகு எனக்குச் சரியாக ஞாபகமில்லை. தூங்கவில்லை, சத்தியமாக. ஆனால் விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. கடல் மேல் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு படகு போய்க்கொண்டே இருந்தது, போய்ச் சேரவே இல்லை. என் தோள் இரண்டும் எப்போதோ தானாகக் கீழே இறங்கியிருந்தன. அவற்றை இத்தனை வருஷமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கேஸ் சிலிண்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாம் எங்கோ அக்கரையில்.

அடுத்தது வேடிக்கை. முதல் பாட்டில் தொடாத பியானோ கம்பிகளுக்கு நடுவே போல்ட், ரப்பர் துண்டு, மடித்த காகிதம் எல்லாம் சொருகி வைத்திருந்தார்கள். கட்டையை அழுத்தினால் பியானோ சத்தமே வரவில்லை. தகரத்தில் தூறல் விழுவதும், கொட்டாங்குச்சி உருள்வதும், தூரத்தில் யாரோ சலங்கையைக் கழற்றி வைப்பதுமாக வந்தது. ஏகாம்பரம் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். பார்த்தவர் கவலையோடு என் காதில் கிசுகிசுத்தார். உள்ளே போல்ட் கழன்று கிடக்கிறதாம், யாராவது சொல்லக்கூடாதா என்றார். வேண்டுமென்றே போட்டதுதான் என்றேன். நம்பவில்லை.

அந்த நேரத்தில்தான் முன் வரிசையில் இருந்து ஒரு ஜோடி எழுந்து வெளியே போனது. பிறகு இன்னும் சிலர். சாப்பாட்டு நேரமோ, பொறுமை போய்விட்டதோ. ஏகாம்பரம் திரும்பி, அவர்கள் வாசலைத் தாண்டும்வரை முறைத்தார்.

“வாசிச்சிகினு இருக்க சொல்லவே போறாங்கோ. இன்னா மனுசங்கோ” என்றார்.

பாதியில் எழுந்து போய்விடுவாரோ என்று யாரைப் பார்த்துப் பயந்தோமோ அவர் சொன்னது இது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பு. கவிதாவுக்கு உடனே மெசேஜ் அனுப்ப முடியாதே என்றிருந்தது.

கடைசிப் பாட்டு அவளே எழுதியது. போல்ட், ரப்பர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். விளக்கு போடவில்லை, அந்தி வெளிச்சம்தான். இடது கை கீழே ஒரே சுரத்தில் நின்றது. வலது கை மேலே விரல்களை வெறுமனே அலையவிட்டது போல... ஒரு இரைச்சல். சத்தம் என்றும் சொல்ல முடியாது. வரும், கொஞ்சம் ஓங்கும், தணியும், மறுபடி எங்கிருந்தோ வரும். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு எங்கேயோ படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது போல இருந்தது. இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று அந்த நாற்காலியில் நான் சந்தோஷமாக இருந்தேன், காரணமே இல்லாமல்.

நின்றுவிட்டது.

ஓங்கிக்கொண்டே வந்தது, அப்படியே நின்றது. அவள் கைகள் இரண்டும் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. கம்பிகளில் மிச்சம் இருந்த ரீங்காரமும் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது: பாலும் பொங்கவில்லை, அடுப்பும் அணைக்கவில்லை. இத்தனை மாதமாக இவள் எங்கள் வீட்டுக்கு மேலே உட்கார்ந்து இந்த நிசப்தத்தைத்தான் ஒத்திகை பார்த்திருக்கிறாள்!

அலைச் சத்தம் கேட்டது. யாரோ ஒருவரின் வளையல். ரொம்ப தூரத்தில் ஒரு நாய்.

நமக்கு இதெல்லாம் பழக்கமா, சொல்லுங்கள்? போனில் ஒரு நொடி பேச்சு நின்றால் ‘அப்புறம்...’ என்போம். அதற்கு அவர்களும் ‘அப்புறம்... நீங்கதான் சொல்லணும்’ என்பார்கள். சொல்ல ரெண்டு பேரிடமும் ஒன்றும் இருக்காது. கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மல்கூடக் கேட்டுவிடக்கூடாது என்று கெட்டிமேளம் வைத்திருக்கிறோம். கூட்டத்தில் பேச்சாளர் தண்ணீர் குடிக்க நின்றால், அந்த இடைவெளியில் ஒருவர் ஏறி ‘வெள்ளை நிறக் காரின் உரிமையாளர்...’ என்று ஆரம்பித்துவிடுவார். சும்மா இருக்கிற நேரத்தை விட்டு வைப்பது நம் ஊர் மரியாதை இல்லை.

பக்கத்தில் ஏகாம்பரத்தின் கழுத்து இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்பியது. மூச்சு வேகமாக வந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் பார்வையில் நடந்தது இதுதான்: மகள் வாசித்து முடித்துவிட்டாள். கை காற்றில் நிற்கிறது. இத்தனை படித்த கூட்டத்தில், ஒரு ஆள்... ஒரே ஒரு ஆள்கூடக் கைதட்டவில்லை.

எழுந்துவிட்டார். கைதட்டினார்.

வயலில் குருவி விரட்டிப் பழகிய கை. அந்த அமைதியில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் இருந்து ‘ஷ்ஷ்’ என்றார் ஒரு தாடிக்காரர். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள். பிறகு எல்லோரும். அவர் சட்டையை நான் பிடிப்பதற்குள் நடைபாதையில் இறங்கி நடந்தார். கவரைப் பிரித்தார். பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு இவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அறிவிப்புச் செய்த பெண் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள். அவர் பியானோ பக்கத்தில் நின்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இம்மாம் நேரமா வாசிச்சிகீது எம் பொண்ணு. ஒர்த்தராச்சும் கை தட்னா இன்னா?”

குரல் உடைந்திருந்தது. கோபத்தில் இல்லை.

‘ஷ்ஷ்’ நின்றுவிட்டது. நான் கவிதாவைப் பார்க்கப் பயந்துகொண்டு தரையைப் பார்த்தேன். எத்தனை மாத உழைப்பு! அவளுக்கு முதல் மேடை! அந்த நிசப்தம்தான் பாட்டின் உயிரே. அதை ஒரு ஜவுளிக்கடைக் கவர் உடைத்துவிட்டது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டால்? ‘அப்பா, உங்களுக்குப் புரியாது, போய் உட்காருங்க’ என்று இங்கிலீஷ் கலந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? இவர் அப்படியே நடந்து போய் பஸ் ஏறிவிடுவார். பிறகு அந்தப் போனில் நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்காது. ‘கைதட்ட வேண்டாம்’ என்ற ஒரு வரியை மட்டும் நான் தமிழில் சொல்லியிருந்தால்...

கவிதா அந்தரத்தில் இருந்த கைகளைக் கீழே இறக்கினாள். எழுந்தாள். அப்பாவுக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். அவர் பொன்னாடையை விரித்துப் போர்த்தினார், ரெண்டு முனையையும் முன்னால் இழுத்துச் சரிசெய்தார். ஒரு பெரிய மனுஷிக்குப் போர்த்துவது போல.

“இன்னும் முடியலப்பா” என்றாள், மெதுவாக.

அவர் முகம் செத்துவிட்டது. “முடியலயா?”

“நம்ம சவுக்குத் தோப்புப்பா இது. காத்து நின்னுகீது. திரும்பி வரும். இப்டி உக்காரு.”

ஊரப்பாக்கத்தில் என்னிடம் ஒரு நாளும் அவள் இப்படிப் பேசியதில்லை. ‘கீது’ எல்லாம் வராது. அன்று தன்னால் வந்தது. மைக் இல்லாத ஹாலில் கடைசி வரிசைவரை கேட்டது. பியானோ முன்னால் இருந்த பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து பாதி இடம் விட்டாள். அவர் ஓரமாக, பெஞ்சுக்கு வலிக்குமோ என்பது போல உட்கார்ந்தார்.

மறுபடியும் அமைதி. அதே நிசப்தம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு இருந்ததில் நாங்கள் எல்லோரும் சும்மா இருந்தோம். இதில் ஒருவருக்காகக் காத்திருந்தோம். அவள் அவசரப்படவே இல்லை. அப்பாவின் மூச்சு சீராகும்வரை விட்டுவைத்தாள் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு காற்று வந்தது. முதலில் ஒரே ஒரு சுரம், மேலே, எங்கோ நுனியில். அப்புறம் இன்னொன்று. அப்புறம் தோப்பு முழுக்க. ஜரிகை போட்ட பொன்னாடை தோளில் இருக்க, அவள் கைகள் அவர் முழங்கால் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தன. அவர் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. எது அலை, எது பியானோ என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த அரை இருட்டில் என்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

தேய்ந்து தேய்ந்து முடிந்தது. கவிதா இரண்டு கைகளையும் மடியில் வைத்தாள். விதிப்படி எல்லோரும் இப்போது கைதட்டலாம். யாரும் தட்டவில்லை. ஹாலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரோ, பட்டது போதும் என்று உள்ளங்கை இரண்டையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு, உதட்டை மடித்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பையன் மாதிரி.

அவள் குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னாள். இப்போது தட்டலாம் என்றாளாம், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தட்டினார். நாங்களும் தட்டினோம். ‘ஷ்ஷ்’ சொன்ன தாடிக்காரர்தான் முதலில் எழுந்து நின்றார்.

வெளியே மணலில் நின்று டீ குடித்தோம். பொங்கலிலிருந்து பேசாத அப்பாவும் மகளும் முதலில் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? போல்ட். அந்த போல்ட்டை எல்லாம் பத்திரமாக எடுத்தாயிற்றா, மிஷின் வீணாகிவிடாதா என்று அவர் கேட்க, எந்தக் கம்பியில் எது, எதற்காக என்று அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளிப்போய் அலையைப் பார்த்தேன். காது மட்டும் இந்தப் பக்கம்தான்.

ஊரப்பாக்கத்துக்கு வந்து தங்கிவிட்டுப் போகச் சொன்னாள். விடிந்ததும் வண்டிக்கு லோடு ஏற்ற வேண்டும் என்றார். மூன்று பேருமாகப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். புதுச்சேரி போகும் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர், கண்டக்டர் விசில் ஊதியும் ஏறாமல் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த தபா, முடிஞ்சதும் எனுக்கு மட்டும் ஒரு சைகை காட்டு. நான்தான் மொதல்ல தட்டணும்.”

பஸ் போய்விட்டது. கவிதா பொன்னாடையோடு ரோட்டோரம் நின்று அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பைக்கில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

‘அடுத்த தபா’ என்றார். அந்தச் சாயங்காலம் கேட்டதிலேயே எனக்கு முழுசாக விளங்கியது அது ஒன்றுதான்.